இருபத்தொரு நாள் நோட்டீஸ்

எங்கள் வகுப்பில் குடும்பச் சட்டத்தில் தோற்றவர்கள் நான்கு பேர். மற்ற மூன்று பேர் பரீட்சைக்கே வரவில்லை.

வந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கி, எழுதித் தோற்றவள் நான் ஒருத்திதான். எங்கள் சட்டத் துறையில் அந்தப் பாடத்துக்குப் 'புண்ணியப் பாடம்' என்று பெயர். நிலச் சட்டத்திலும் கம்பெனிச் சட்டத்திலும் விட்ட மார்க்கை இதில் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். குடும்பம் என்று ஒன்று இருந்து, அதில் இருபது வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் பாதிப் பாஸ் என்பது சீனியர்களின் கணக்கு. எனக்குக் குடும்பம் இருந்தது. சாப்பிடுவதிலும் நான் குறை வைத்ததில்லை.

வீட்டில் சொல்லவில்லை. கோலா சிலாங்கூருக்கு வெளியே எங்கள் தமான் குடியிருப்பில் நான் முதலாம் ஆண்டு சேர்ந்த அன்றே லாயர் ஆகிவிட்டேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் வழியில் எங்கெல்லாம் தேத்தண்ணி குடிக்க நிறுத்துவாரோ அங்கெல்லாம் என் பட்டமளிப்பு நடந்து முடிந்திருந்தது. அம்மா ஜெராமில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறார். அங்கே ஆசிரியர்களே என்னிடம் சந்தேகம் கேட்டனுப்புவார்கள். இந்த நிலையில், அதுவும் புண்ணியப் பாடத்தில் தோற்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மறுதேர்வுக்கு இருந்த நான்கு வாரத்தை 'ஸ்டடி லீவ்' என்று சொல்லிக்கொண்டு பையோடு வந்து இறங்கினேன்.

"எல்லாருக்குமா லீவு?" என்று அம்மா கேட்டார்.

"இல்லமா. கொஞ்சம் பேருக்கு மட்டும் குடுத்திருக்காங்க."

அது பொய் இல்லை. ஆனால் அம்மா அன்று சாயங்காலமே கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து, "கொஞ்சம் பேருக்குத்தானாம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

படிப்புக்காகக் கேள்விகளைச் சின்னச் சின்ன அட்டைகளில் மலாயில் எழுதி வைத்திருந்தேன். அம்மா மூன்றாம் பாரம் வரை படித்தவர். மலாய் நன்றாகவே வாசிப்பார். கேன்டீன் முடிந்து வந்ததும் எனக்கு எதிரே உட்கார்ந்து அட்டையைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். முதல் நாளே பாடம் தடம் மாறிவிட்டது.

"மணமுறிவுக்கு என்ன காரணம்லாம் சொல்லலாம்?"

"கள்ளத் தொடர்பு. ரெண்டு வருஷம் கைவிட்டுட்டுப் போறது. ரெண்டு வருஷம் பிரிஞ்சு வாழ்றது. அப்புறம், சேந்து வாழ முடியாத அளவுக்கு நடந்துக்கிறது."

"அந்தக் கடைசி ஒண்ணு, அதுல என்னென்ன வரும்?"

"அது கேஸப் பொறுத்தது மா."

"ஈரத் துண்ட மெத்தையில போடறது வருமா?"

"வராது."

"இருவத்தஞ்சு வருஷமாப் போட்டா?"

நான் யோசித்தேன். பல சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்து ஒரு பெரிய காரணமாகலாம் என்று எங்கோ படித்த ஞாபகம். ஆனால் அந்தத் தீர்ப்பின் பெயர் ஞாபகம் வரவில்லை. பெயர் ஞாபகம் வராத தீர்ப்புகளால்தான் நான் தோற்றேன். "துண்டு மட்டும்னா நீதிபதி ஒத்துக்க மாட்டாரு" என்றேன்.

"அந்த நீதிபதிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுத்த அட்டையை எடுத்தார்.

இரண்டாவது வாரத்துக்குள் எனக்குத் தலை கனத்துவிட்டது. கண்ணில் பட்ட குடும்பத்தையெல்லாம் சட்டத்தில் எந்தப் பிரிவில் போடலாம் என்று பார்க்க ஆரம்பித்தேன். எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் கையில் ஏதோ விண்ணப்பப் பாரத்தோடு வந்து, "வீட்டுக்காரரு ஜொகூர் போயி அஞ்சு மாசம் ஆச்சு, அதான் ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்" என்று தொடங்கினார். அவரை முடிக்க விடவில்லை. கைவிடுதல் என்றால் என்ன, அதற்கு ஏன் இரண்டு வருஷம் தேவை, சமரசக் குழு என்றால் என்ன, ஏழு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை யாரிடம் இருக்கும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அவரு அங்க பாலம் கட்ற வேலைல இருக்காருமா. வெள்ளிக்கிழமை வந்துருவாரு. பிள்ளைய பாலர் பள்ளில சேக்கிற பாரத்துல அப்பா கையெழுத்துக்குப் பதிலா நான் போடலாமான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பாடத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி திருமணப் பதிவு. யாரும் அழமாட்டார்கள், யாரும் சண்டை போடமாட்டார்கள், எல்லாம் பாரமும் தேதியும். முதல் தடவை முதல் கேள்வியே அதுதான் வந்தது, கட்டாயக் கேள்வி. பதிவுக்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்ற இடத்தில் பதினான்கு என்று எழுதியிருந்தேன். எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்தேனோ. அதனால் இந்த முறை கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிப்போட்டு, வேறு வழியில்லாமல் கையில் எடுத்தேன். சட்டம் தெளிவாகச் சொன்னது: கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவாக வேண்டும். பதிவாகாத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜெராமில் வாங்கிய நண்டு, குழம்பாகி மேசைக்கு வந்திருந்தது. நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அம்மா, உங்க கல்யாண சூராட் எங்க இருக்கு?"

சூராட் என்றால் எங்கள் பக்கம் பத்திரம், சான்றிதழ், அரசாங்கக் கடிதம், எல்லாம்தான். அம்மா நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அப்பாவைப் பார்த்தார். அப்பா ரசத்தைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"சும்மாலா. நெசமான ஒண்ண பாத்தா மனசுல நிக்கும்."

"எங்கயோ இருக்கும்."

அம்மா அப்படிச் சொல்கிறவர் இல்லை. என் ஒன்றாம் வகுப்புத் தடுப்பூசி அட்டை எந்த பிஸ்கட் டின்னில் எத்தனையாவதாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"லோரி டயர ஒரு பார்வை பாத்துட்டு வந்துர்றேன்" என்று அப்பா எழுந்தார். லோரி தோட்டத்தில் நின்றது. வாசலில் இருந்தது அவருடைய மோட்டார் சைக்கிளும் எங்கள் பழைய காரும்தான்.

சாட்சியின் நடத்தையை வைத்து உண்மையை ஊகிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் படித்திருந்தேன். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க். சாப்பாடு முடிந்ததும் கல்யாண ஆல்பத்தை இறக்கி ஆராய்ந்தேன். தோட்டத்துக் கோயில். அப்பா பட்டு வேட்டியில், மீசை இன்னும் சரியாக முளைக்காத முகத்தோடு. அம்மா தலை குனிந்தபடி. அம்மாவின் அப்பா, அந்தக் காலத்து மண்டோர், அதாவது தோட்டத்து மேஸ்திரி, எல்லாப் படத்திலும் நடுவில். தாலி கட்டும் படம் ஆறு, பந்தியில் சாப்பிடும் படம் பதினொன்று. யாராவது ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போடும் படம்? ஒன்றுகூட இல்லை.

மூன்று நாள் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு சுற்றினேன். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அம்மாவுக்குச் சேமநிதியில் என்ன உரிமை? நான் சட்டப்படி யார்? நோட்டுப் புத்தகத்தில் 'என் நிலை' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதினேன். அதை எழுதும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே பிரிவு எண்களைச் சரிபார்த்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் இருவரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். "நான் சொல்றத நிதானமா கேளுங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கனமாக வந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"சட்டப்படி நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி இல்ல."

அப்பா தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தவில்லை. "அப்போ உங்கம்மா யாரு?"

"சட்டப்படி… தனி ஆளு."

"அது தெரிஞ்சதுதானே" என்றார் அம்மா. "சமைக்கிறது, துவைக்கிறது, எல்லாம் தனி ஆளாத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கமா. அப்போ நான் யாரு?" என்று கேட்டதோடு அந்தக் கனமான குரல் உடைந்துவிட்டது.

அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பாவைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். உள்ளே நெடுநேரம் குசுகுசுப்பு. "நம்ம வாயால வேணாம்" என்று அம்மா சொன்னது மட்டும் கேட்டது. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வெளியே வந்து, "திங்கக்கிழமை லீவு போடறேன். போயிப் பதிவிலாகால கேட்டுருவோம்" என்றார்.

"இங்கயே, கோலா சிலாங்கூர்லயே போலாமே பா."

"வேணாம். கோலா குபு பாரு போவோம்."

"ஒன்றரை மணி நேரம் ஓட்டணுமே."

"அங்க கூட்டம் கம்மி."

எனக்குப் புரிந்துவிட்டது. நரைத்த தலையோடு கல்யாணம் பதிய வந்தவர்களைத் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது. எவ்வளவு வலித்திருக்கும் இவர்களுக்கு என்று மனசு இளகியது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கம் போய்ச் சின்னதாக இரண்டு மல்லிகை மாலை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, என் கைப்பைக்குள் ஒளித்து வைத்தேன். பதிவு முடிந்ததும் எடுத்துக் கொடுத்து அசத்திவிடலாம் என்று திட்டம்.

திங்கள் காலை சுங்கை சோவில் நிறுத்திப் பசியாறினோம். அம்மா பிறந்து வளர்ந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். தாத்தா, அந்த மண்டோர் தாத்தா, இப்போது என் மாமாவோடு அங்கேதான் இருக்கிறார். ஆனால் அன்று அவரைப் பார்க்காமலே போகலாம் என்று அம்மா சொன்னார். அதையும் வெட்கக் கணக்கில் எழுதிக்கொண்டேன். வழியெல்லாம் நான் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன். "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நம்ம ஆளுங்க நெறைய பேரு இப்படித்தான் இருக்காங்க. தெரியாம நடந்தது." அப்பா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பதிவிலாகாவில் அன்று கூட்டம் ரொம்பவே இருந்தது. எங்கள் எண் வந்ததும் இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டேன். வக்கீல் நிற்பதுதானே முறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடுத்தர வயது மலாய்க்கார அம்மா ஒருவர். 'புவான்' என்று மரியாதையாக அழைத்துப் புத்தக மலாயில் ஆரம்பித்தேன். என் பெற்றோர் வழக்கப்படி மணம் புரிந்தவர்கள், அறியாமையால் பதிவு செய்யாதவர்கள், அதைச் சட்டப்படி சீர்செய்ய இன்று வந்திருக்கிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அவர் இருவருடைய அடையாள அட்டையையும் வாங்கி எண்ணைத் தட்டினார். கணினியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி கணினியைப் பார்த்தார்.

"இவங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கே."

"யாரோட?" என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் அந்தக் கேள்விக்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

"இவரோடதான்." பேனாவால் அப்பாவைக் காட்டினார். "இங்கதான் பதிஞ்சிருக்கு. மார்ச் மாசம்."

"இல்ல புவான். ஏதோ தப்பு நடந்திருக்கு. இவங்க கல்யாணம் ஆவணி மாசம். அதாவது ஆகஸ்ட் கடைசி. என்கிட்ட ஆல்பம் இருக்கு."

"மார்ச்சுன்னுதான் இருக்கு."

"தட்டச்சுப் பிழையா இருக்கலாம். திருத்தறதுக்கு எங்க விண்ணப்பிக்கணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "விவரம் தெரிஞ்ச அண்ணன் அக்கா யாராவது இருக்காங்களா உனக்கு?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"உன் பிறப்புப் பத்திரத்த எப்பவாவது வாசிச்சிருக்கியா? பெற்றோர் கல்யாணம் பதிவாகலன்னா அதுலயே தெரிஞ்சிருக்குமே. நீ என்ன படிக்கிற?"

அப்பாதான், முகம் பூரித்து, "லாயருக்குப் படிக்கிறா" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதில் வாழ்த்து எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. பையிலிருந்து மல்லிகை வாசம் அந்த இடம் முழுக்க வீசிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா கூரையில் சுற்றும் காற்றாடியை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அம்மா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு அப்போது ரவாங்கில் தொழிற்சாலை வேலை. தோட்டம் தோட்டமாகப் போய் ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேனை அப்பா ஓட்டினார். வேனில் ஏறினாலே அம்மாவுக்குக் குமட்டும். அதனால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருவார். அவருக்கென்று அப்பா ஒரு பொட்டலம் அசாம்போய், அதுதான் அந்த உப்பும் புளிப்புமான காய்ந்த பழம், எப்போதும் வைத்திருப்பார். தாத்தாவோ தன் அக்கா மகனுக்கு அம்மாவைப் பேசி வைத்திருந்தார். அம்மா இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். தோட்டத்தில் நூறு பேரை வேலை வாங்கிய மண்டோருக்கு அந்தச் சொல் காதில் ஏறவில்லை.

"அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பேசல. இருவத்தோரு வயசு ஆகட்டும்னு காத்திருந்தேன்" என்றார் அம்மா.

"எதுக்கு இருபத்தொண்ணு?"

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். "அதுக்கு முன்னாடின்னா அப்பா கையெழுத்து வேணும்லா. நீ படிக்கலையா?"

படித்திருந்தேன். என் அட்டைகளில் அது நாற்பத்தி மூன்றாவது.

"பிறந்தநாள் முடிஞ்ச அடுத்த வாரம் பஸ் ஏறி இங்க வந்தோம். அவரு தனியா, நான் தனியா. பாரம் குடுத்தா, உடனே கல்யாணம் பண்ண முடியாதுன்னுட்டாங்க. பேரு, விலாசம் எல்லாம் எழுதி வெளிய பலகையில ஒட்டிட்டாங்க. இருவத்தோரு நாளு அது அங்க தொங்கணுமாம். யாருக்காவது ஆட்சேபனை இருந்தா சொல்லலாமாம். ஆட்சேபனை சொல்ல ஆளா இல்ல எனக்கு? ஒவ்வொரு நாளா எண்ணுனேன். வேலைக்குப் போறப்போ ஒண்ணு, வரப்போ ஒண்ணு, ஒரே நாள ரெண்டு தடவ எண்ணுவேன்."

பதினான்கு என்று எழுதியவள் தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாளோ என்னவோ, தோட்டத்துக் கிராணி நில ஆபீஸ் வேலையாக இந்த ஊருக்கு வந்திருக்கிறார். தோட்டத்தின் கணக்கு வழக்கெல்லாம் எழுதும் அவர்தான் அங்கே நன்றாகப் படித்த ஆள். பலகையில் ஒட்டியிருப்பதை வாசிக்காமல் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. மறுநாள் கோயிலில் அம்மாவைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். அம்மாவுக்கு உயிர் போய்விட்டது. அவர் குரலைத் தாழ்த்தி, "உன் பேருல ஒரு எழுத்து தப்பா அடிச்சிருக்கான். இப்பவே போயி மாத்திக்க. அப்புறம் சூராட்ல சிக்கலாகும்" என்றார். அவ்வளவுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"சாட்சிக்கு வரீங்களான்னு கேட்டேன். 'உங்கப்பன் மூஞ்சில நான் தெனம் முழிக்கணும்மா'ன்னுட்டாரு. அதுவும் சரிதான். அப்புறம் என்கூட வேலை செஞ்ச பொண்ணுங்க ரெண்டு பேரு கம்பெனி சட்டையோடயே வந்து கையெழுத்துப் போட்டாங்க."

"அன்னிக்குச் சாயங்காலம் நான் வேன் எடுக்கணும்" என்று அப்பா குறுக்கே வந்தார். "யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு உங்கம்மா கடைசி சீட்டுல போயி உக்காந்துட்டா. ரெண்டு மைலு தாண்டல, வாந்தி."

"அதுல வேற பேரு கெட்டுச்சு" என்றார் அம்மா. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஐந்து மாதம் அப்படியே போயிருக்கிறது. சட்டப்படி புருஷன் பெண்டாட்டி, ஒருவர் வேன் ஓட்டுகிறவர், ஒருவர் வேனில் ஏறுகிறவர். அக்கா மகனோடு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகப்போகிற அன்று அம்மா சூராட்டைக் கொண்டுபோய்த் தாத்தாவின் முன்னால் வைத்துவிட்டார். தாத்தாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு கிராணியிடம் போனார். கிராணி முதல் முறையாகப் பார்க்கிறவர் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, வரி வரியாக வாசித்து, "மண்டோரே, இது முடிஞ்ச கல்யாணம். இனிமே உங்களால முடிஞ்சது சோறு போடறது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார்.

தாத்தா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, சரி, நானே கோயிலில் வைத்துக் கட்டிக்கொடுக்கிறேன், ஆனால் இந்தக் காகித விஷயம் உங்கள் வாயிலிருந்து எவனுக்கும் போகக் கூடாது என்று சாமி முன்னால் இருவரிடமும் சத்தியம் வாங்கினார்.

"அப்போ இன்னிக்கு…"

"நாங்க எங்க சொன்னோம்? ஆபீஸு சொல்லுச்சு" என்றார் அம்மா. "உனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சவகிட்ட பேசறது சத்தியத்துல வராது."

எங்கள் துறையில் ஒப்பந்தச் சட்டம் நடத்துபவர்கூட இவ்வளவு நேர்த்தியாக ஒரு ஷரத்தைத் தாண்டிப் போனதில்லை.

"சூராட் கேட்ட அன்னிக்கே ஜாடையா சொல்லிருக்கலாம்ல? நான் மூணு நாளு அழுதேன்."

அம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. "நீ யாருன்னு கேட்டியே, அப்பவே சொல்லிரணும்னு இருந்துச்சு. ஆனா சத்தியம் சத்தியம்தான். இன்னொண்ணும் இருக்கு. இதெல்லாம் தெரிஞ்சா, நீயும் நாளைக்கு எந்த ஊர்லயாவது போயி நோட்டீஸ் ஒட்டிட்டு வந்து நின்னா நான் என்ன சொல்றது?"

நோட்டீஸ் ஒட்ட எனக்கு ஆளே இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய உண்மை மேசை மேல் கிடக்கும்போது என் சின்னப் பொய்யையும் அதன் பக்கத்தில் வைத்துவிடத் தோன்றியது. சொல்லிவிட்டேன். ஸ்டடி லீவ் இல்லை, மறுதேர்வு. இந்தப் பாடத்தில் தோற்றுவிட்டேன். அதிலும் இந்தக் கேள்வியில்தான்.

அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அர்ச்சனை பண்ணேனேடி நான்! மூணு வாரமா பொய் சொல்லிருக்க."

"நீங்க இருபத்தஞ்சு வருஷமா…"

"அது பொய் இல்ல. யாரும் கேக்கல, நான் சொல்லல."

அப்பாவுக்கு வேறு கவலை. "ரெண்டாவது தடவ எழுதலாம்ல?"

"எழுதலாம் பா."

"அப்புறம் என்ன? லோரி லைசென்ஸு நான் மூணாவது தடவைதான் எடுத்தேன். இப்ப எவன் கேக்கறான்?"

மாலைகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். வெயிலில் பாதி வாடியிருந்தன. அம்மா ஒன்றைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டார். மற்றதைக் காரில் இருக்கும் பிள்ளையாருக்குச் சுற்றினார். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. மறுநாள் கேன்டீன் முடிந்து வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எதிரே உட்கார்ந்து, அட்டைக் கட்டை எடுத்தார். திருமணப் பதிவு அட்டைகளை மட்டும், தேர்வுக்கு மிச்சமிருந்த நான்கு நாளும் கேட்டார். தப்பாகச் சொன்னால் அட்டையாலேயே மண்டையில் ஒரு தட்டு.

மறுதேர்வில் முதல் கேள்வி: பெற்றோருக்குத் தெரியாமல் மணம் புரிய விரும்பும் இருபது வயதுப் பெண்ணுக்கு ஆலோசனை கூறுக. நான் எழுதினேன். சம்மதம், வயது, நோட்டீஸ், பலகை, ஆட்சேபனை, சாட்சிகள், பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் என்ன செய்வது என்பது வரை எழுதினேன். கை வலிக்க எழுதி நிமிர்ந்தபோது பாதி நேரம் போயிருந்தது. மிச்சம் மூன்று கேள்விக்கு அவசரம் அவசரமாகக் கிறுக்கினேன். பாஸ். கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்ட பாஸ். அடுத்த நாள் காலை அப்பா லோரியை எங்கெங்கே நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரமே இரண்டு பேர் நிலப்பட்டா விஷயமாக எனக்கு அழைத்தார்கள். நிலச் சட்டத்தில் என் மார்க் என்ன என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

விடுமுறையில் தாத்தாவைப் பார்க்க சுங்கை சோ போனோம். காது கொஞ்சம் மந்தம், குரல் மட்டும் இன்னும் மண்டோர் குரல். என்ன பாடம் பாஸ் ஆனாய் என்று கேட்டார். குடும்பச் சட்டம், கல்யாணம், குடும்பம், இதெல்லாம் என்று கத்திச் சொன்னேன்.

"கல்யாணத்துக்கெல்லாம் எதுக்கு சட்டம்?" என்றார். "உங்கப்பன நானா தேடிப் புடிச்சேன். வேன்ல வரப்போ பாத்தேன், நல்ல பையன், குடி கிடையாது. பொண்ணக் கூப்புட்டு, இவன்தான் மாப்பிள்ளைன்னேன். மறுபேச்சுப் பேசல உங்கம்மா. சரிதானே?"

அம்மா வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அப்பா வெளியே போய்க் காரின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா என்னிடம்தான் பதிலை எதிர்பார்த்தார்.

"சரிதான் தாத்தா" என்றேன்.